அமாரோக் தின்னாமல் விட்ட மிச்சம்

எங்கள் ஊரில் தண்ணீர் லாரி ஓட்டியவருக்குப் பெயர் கிடையாது. இருந்த பெயர் கைமாறிப் போய்விட்டது. கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று நாங்கள் வைத்தது ‘மிச்சம்’. அமாரோக் என்கிற பெரிய ஓநாய் தின்னாமல் விட்ட மிச்சம் என்று அர்த்தம். சீட்டாட்டத்தில் யாரோ கேலியாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. “மிச்சண்ணே” என்றால் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டதே இல்லை. ஒரு தடவையாவது கோபித்திருந்தால் எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அரசாங்கக் காகிதங்களில் அவரை ஏதோ ஒரு பெயரில்தான் எழுதி வைத்திருந்தார்கள். அது தெற்கிலிருந்து வருகிற அதிகாரிகளின் கவலை. காகிதத்தில் இருக்கிற பெயர் யாருக்கு வேண்டும்? வாயில் இருக்க வேண்டும்.

நிலம் உறைந்து கிடக்கிற வடகோடி ஊர், குழாய்த் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வீடு தொட்டி, தொட்டி வற்றினால் வெளிச்சுவரில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கைப் பார்த்ததும் மிச்சம் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து, தடித்த குழாயைத் தோளில் போட்டு இழுத்து மாட்டுவார். தொட்டி நிறைகிற நேரத்தில் உள்ளே வந்து ஒரு கோப்பை டீ. சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வார். எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்த வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டது, எந்தப் பெண் அழுத கண்ணோடு கதவைத் திறந்தாள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சேதியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இறைச்சி மட்டும் சில சமயம் கொண்டுபோவார், இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு.

நான் அதற்கு நேர் எதிர். என் பெயர் மியாலி. ஊர் ரேடியோவில் பேசுவது என் வேலை. பிங்கோ எண்களைச் சொல்வேன், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வேன், யார் வீட்டில் மீன் மிஞ்சியிருக்கிறது, யாருடைய நாய் அவிழ்த்துக்கொண்டு திரிகிறது என்று சொல்வேன். ஒரு சேதி என் காதில் விழுந்தால் ஊர் முழுக்க விழுந்த மாதிரிதான். அப்படிப்பட்ட என்னிடம் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார், நான் அதைப் பல வருடம் மூடி வைத்திருந்தேன் என்றால் இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இளைஞராக இருந்தபோது அவர் பெயர் துலிமாக். நல்ல வேட்டைக்காரர். நல்ல வேட்டைக்காரர்களுக்கே உரிய திமிரும் கொஞ்சம் உண்டு. கல்யாணமாகி, மனைவி உவிலுக் வயிற்றில் பிள்ளையோடு இருந்த வசந்தத்தில், கரிபூ மான் தேடி உள்நாட்டுக்குப் போகக் கிளம்பினார். கூட வருவதாகச் சொன்ன ஒருவன் பல்வலி என்று படுத்துக்கொண்டான். இன்னொருவனின் பனிவண்டி மோட்டார் கிளம்பவில்லை. “நாளைக்குப் போலாமே” என்றாள் உவிலுக். “மான் எனக்காக நாளை வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்குமா?” என்று சிரித்துவிட்டுத் தனியாகவே போனார்.

தனியாகப் போகக்கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் மொழியில் ஓநாய்க்கும் அதற்கும் ஒரே சொல்தான், அமாரோக். ஆனால் குரலைத் தாழ்த்திச் சொன்னால், கூட்டமாகத் திரிகிற ஓநாயைச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் புரியும். இது கூட்டம் சேராது. தனியாக அலையும். தனியாக வேட்டைக்குப் போகிற மனிதனைத்தான் தேடும். ஆளோடு ஆளாகப் போகிறவன் பக்கம் தலையைக்கூடத் திருப்பாது.

தேடப் போனவர்கள் பட்டை அறுந்த பனிவண்டியைக் கண்டுபிடித்தார்கள். அது இழுத்துப்போன சறுக்குவண்டி குப்புறக் கிடந்தது. அவருடைய தோல்கோட்டு தோளிலிருந்து கிழிந்து, பனியில் விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் தடம். இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாலும் நிரம்பவில்லை என்றார்கள். தேடப் போகிறவர்கள் எதையுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியும். அன்றைக்குத் திரும்பி வந்தவர்களில் ஒருவன் முகமும் கூட்டிச் சொல்கிறவன் முகமாக இல்லை.

உடம்பு கிடைக்கவில்லை. ஆனால் கோட்டு இல்லாமல் அந்தக் குளிரில் யார் பிழைப்பார்கள்? மனசு தீர அழுதோம், முடித்தோம்.

பிறகு உவிலுக்குக்குப் பையன் பிறந்தான். பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுதான். பிரசவம் பார்த்த குவியானா பெரியம்மாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. கடைசியாகச் செத்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குப் போக வேண்டும். பெயரோடு அவரும் வீட்டுக்கு வந்துவிடுவார். வராத வரைக்கும் பெயர் வெளியே நிற்கும்.

“பேரைக் குடுத்துருடி. எவ்வளவு நாளைக்கு அது குளிர்ல நிக்கும்?” என்றாள் குவியானா.

“உடம்பு இன்னும் கிடைக்கலையே, பெரியம்மா.”

“அமாரோக் தின்ன உடம்பு உனக்கு எங்கே கிடைக்கும்? அதோட வயித்துல போய்த் தேடுவியா? பிள்ளை கத்தறது உனக்குக் கேக்கலையா? உள்ள விடு, உள்ள விடுன்னு கத்துது.”

உவிலுக் குழந்தையின் காதில் “துலிமாக்” என்றாள். அழுகை அந்த நொடியே நின்றது. நான் அங்கேதான் இருந்தேன். பிள்ளை தாயின் முகத்தை அப்படிப் பார்த்தது, வெகுதூரம் போய் வந்தவன் வீட்டைப் பார்ப்பது போல. எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே கூத்து. பெயர் யாருடையதோ, உறவும் அவருடையதுதான். உவிலுக் பிள்ளையை “என் வீட்டுக்காரரே” என்று கூப்பிட்டாள். “வீட்டுக்காரரே, ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடலையே, பழைய புத்தி இன்னும் போகலையா?” என்பாள், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். துலிமாக்கின் அம்மா “என் மகனே” என்று மார்போடு அணைத்து, நல்ல கொழுப்பாகப் பார்த்துத் தானே மென்று வாயில் ஊட்டுவாள். துக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அடுத்த குளிர்காலம். சூரியன் வராத நாட்கள், நடுப்பகலில் கொஞ்ச நேரம் மட்டும் நீலமாக வெளிச்சம் இருக்கும். நான் பக்கத்து வீடு. நாய்கள் சத்தம் நின்றுபோனதைக் கவனித்துத்தான் ஜன்னலுக்குப் போனேன். கட்டிக் கிடந்த நாய்கள் எல்லாம் காதை மடக்கி, தாடையைப் பனியில் அழுத்திப் படுத்திருந்தன. உவிலுக் வீட்டு வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பதப்படுத்தாத மான்தோலை உடம்பில் சுற்றி நரம்பால் கட்டியிருந்தார். ஒரு கால் கோணலாக இருந்தது.

உவிலுக் கதவைத் திறந்து பார்த்தாள். பாதிதான் திறந்தாள்.

“நான்தான்” என்றார்.

“நான்தான்னா? யாரு?”

அவர் தன் பெயரைச் சொன்னார். வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டது. எனக்கு இன்னும் அந்த அலறல் காதில் இருக்கிறது. உவிலுக் கதவை விடவும் இல்லை, திறக்கவும் இல்லை. தின்ற மனிதனின் தோலைப் போர்த்துக்கொண்டு அமாரோக் வரும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்திருக்கிறார்கள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் நான்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். மனிதக் கைதான், எலும்பும் தோலுமாக.

உள்ளே கூட்டிப்போய் சூப்புக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் இப்போது இரண்டு துலிமாக். யாராவது பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது, மார்பில் வாய் வைக்கவில்லை. குவியானா பிள்ளையிடமிருந்து பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. பதறிப்போய்ப் பழைய பெயரைத் திரும்பச் சொன்னதும் மூச்சு சீரானது.

குவியானா உட்கார்ந்து யோசித்துவிட்டு அவரிடமே சொன்னாள்: “உறைஞ்ச இரும்புல நாக்கு ஒட்டுமே, அந்த மாதிரி ஒட்டிக்கிச்சுப்பா. இழுத்தா சதையோடதான் வரும். தப்பு என்னோடது. அவசரப்படுத்தினது நான்தான்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிள்ளையைப் பார்த்தார். “வெச்சுக்கட்டும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பலரும் கேட்டார்கள். “இன்னொருத்தர் பேரை வாங்கினா அவங்க ஆளா நடக்கணும். நான் நானாவே நடக்க முடியாம இருக்கேன்” என்று மறுத்துவிட்டார். வேட்டைக்குப் போவதை விட்டார். லாரி ஓட்டப் போனார். எப்போதும் பத்துப் பேர் கண்ணில் படுகிற வேலை அது என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உவிலுக் அவரோடு நல்லபடியாகத்தான் வாழ்ந்தாள். கூப்பிடும்போது “இங்க பாருங்க”, “உங்களைத்தான்”. பிள்ளையை மட்டும் “வீட்டுக்காரரே” என்று கூப்பிடுவதை விடமுடியவில்லை. விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம். புருஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், இவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே “வீட்டுக்காரரே, இன்னும் ஒரு வாய்” என்பாள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

ஒரே பெயர் இருக்கிற இருவர் எங்களில் ஒருவரையொருவர் ‘எலும்பே’ என்று கூப்பிடுவார்கள். அவர் பிள்ளையை “என் எலும்பே” என்றார். பையனுக்குப் பேச்சு வந்ததும் அவனும் அவரை “எலும்பே” என்றான். அப்பா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பெயர் இல்லாத ஆளை ‘என் பெயர்க்காரரே’ என்கிற அர்த்தத்தில் கூப்பிட்டவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவர் என்னிடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் மத்தியானம் ரேடியோ அறைத் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்தார். நான் பாட்டுப் போட்டுவிட்டு டீ ஊற்றினேன். என் வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன்: “அண்ணே, அது நிஜமாவே உங்களைத் தின்னாம ஏன் விட்டுச்சு?”

கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கால் உடைஞ்சு கிடந்தேன், மியாலி. அது வந்து கோட்டைப் பிடிச்சு இழுத்துச்சு, கோட்டு கழண்டுக்கிச்சு. தவழ்ந்து போய்ப் பாறைக்கு நடுவுல புகுந்தேன். அது போயிருச்சுன்னு நினைச்சேன். ஒரு மானை இழுத்துட்டு வந்து எதிர்லயே போட்டுச்சு. பாதி தின்னுட்டுத் தள்ளிப்போய் உக்காந்துக்கிச்சு. நான் பாக்கறேன், அது பாக்குது. கடைசியில நான் போய்த் தின்னேன். தோலையும் போத்திக்கிட்டேன். நீங்க எல்லாம் என்னை மிச்சம்னு சொல்றீங்க. மிச்சத்தைத் தின்னவன் நான்.”

“ஏன் அப்படிப் பண்ணுச்சு?”

“கேட்டியே ஒரு கேள்வி. அதுகிட்ட யாரு கேக்கறது? கூட யாராவது வேணும்னு நினைச்சுச்சோ என்னவோ.” டீயில் இன்னும் சர்க்கரை போட்டுக்கொண்டார். “பேச்சு மறந்துடுமோன்னு பயந்து என் பேரை நானே கத்திச் சொல்லுவேன். எழுந்ததும் சொல்லுவேன், படுக்கும்போதும் சொல்லுவேன். ஒரு நாள் அலுத்துப்போய்ச் சொல்லாம விட்டுட்டேன். அது தலையைத் தூக்கிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்துச்சு, மியாலி. நான் சொன்னப்புறம்தான் படுத்துச்சு.”

பாட்டு முடிந்து ரேடியோ ஊமையாக ஓடிக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

“கால் கூடினதும் அது தூங்கறப்போ கிளம்பி வந்துட்டேன். சொல்லிக்காம வந்தேன். அதுக்கு அந்தப் பேர் தெரியும். தேடும். இப்போ அந்தப் பேர் என் பையன்கிட்ட இருக்கு. அவன் தனியாப் போகக்கூடாது. இதை உவிலுக் கிட்ட சொல்லாதே. ஏற்கெனவே பேர் குடுத்தது தப்புன்னு வெந்துக்கிட்டு இருக்கா.”

சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சேதி அதுதான்.

துலிமாக் வளர்ந்தான். மீசை வைத்தான். துப்பாக்கியில் நல்ல குறி. ஆனால் ஒரு நாளும் தனியாகப் போனதில்லை, போக அவர் விட்டதில்லை. கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். “இவனுக்கு ஒண்ணுக்குப் போறதுக்குக்கூடத் துணை வேணும்டா” என்பார்கள். ஒரு நாள் பையன் என் எதிரிலேயே அவரிடம் வெடித்தான்: “பேரைக் குடுத்தீங்க, சரி. உங்க பயத்தையும் அதோட கட்டியா குடுத்தீங்க?”

அவர் “என் எலும்பே, கோவிச்சுக்காதே” என்று மட்டும் சொன்னார். குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

அந்த வருடம் மே மாதம். இருட்டே வராத நாட்கள். வானம் பளிச்சென்று இருந்தது. மிச்சம் என் வீட்டுத் தொட்டியில் குழாயைச் செருகிவிட்டு வாசலில் நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பயம் என் மனதிலிருந்து நழுவிப்போயிருந்தது, நான் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்: “உங்க பையன் விடிகாலையிலயே கிளம்பிட்டானே அண்ணே. கூட வர்றேன்னவன் தூங்கிட்டானாம், இவன் தனியாவே போயிட்டான். இப்பவாவது ஆம்பிளையானானேன்னு பசங்க சிரிச்சுக்கிட்டு இருக்காங்க.”

குழாயை அப்படியே விட்டார். தண்ணீர் படியெல்லாம் பீய்ச்சியடித்தது. லாரி உறுமிக்கொண்டே நின்றது. அவர் அந்தக் கோணல் காலோடு என் பனிவண்டியை நோக்கி ஓடினார். உணவில்லை, துப்பாக்கி இல்லை.

“அண்ணே! ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க!”

“ஆளுங்க கூட இருந்தா அது வெளிய வராது.” வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என் பேரை நானே எடுத்துக்கறேன்னு உவிலுக் கிட்ட சொல்லு.”

அவர் போன பிறகுதான் நான் வாய்விட்டு எல்லாவற்றையும் உவிலுக்கிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஜன்னலில் போய் நின்றுகொண்டாள்.

துலிமாக் மறுநாள் திரும்பி வந்தான். அவன் வண்டியின் பெட்ரோல் குழாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டதாம். உவிலுக்கின் சமையலறையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தரையோடு காற்று கிளம்பியிருக்கிறது. தலைக்கு மேலே நீல வானம், சூரியன். இடுப்புக்குக் கீழே பனித்தூள் ஆறு போல ஓடுகிறது, தன் காலே தெரியவில்லை. அந்தத் தூளுக்கு மேலே தூரத்தில் ஒரு முதுகு மட்டும் நகர்ந்து வந்திருக்கிறது.

“கரடின்னு நினைச்சேன். கரடி அப்படி நடக்காது. என் இடுப்பு வரைக்கும் பனி ஓடுது, அதோட முதுகு அதுக்கு மேல தெரியுது. நின்னுச்சு. வாயைத் திறக்கல, உறுமல. எதையோ கேக்கறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. துப்பாக்கி கையில இருக்கு, தூக்க முடியல.”

“அப்புறம்?” என்றாள் உவிலுக்.

“பின்னால சத்தம். ‘துலிமாக்! துலிமாக்!’னு. என்னைத்தான் கூப்பிடறாருன்னு திரும்பினேன். என்னைக் கூப்பிடல, அம்மா. நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சொல்றாரு. ‘துலிமாக் நான்தான்! இங்க பாரு! சொல்லிக்காம வந்துட்டேன், இதோ வந்துட்டேன்!’னு கத்திக்கிட்டே என்னைத் தாண்டி அது கிட்ட நடந்து போறாரு. அது காதை நிமித்துச்சு. அவரைப் பாத்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்ல.”

அவன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“நிறுத்தணும்னு கத்தப் போனேன். ‘எலும்பே’ன்னு வாயில வருது. ஆனா பேர் இப்போ என்கிட்ட இல்ல. நிஜமா இல்ல, அம்மா. கத்தறதுக்கு வேற ஒண்ணும் தெரியாம ‘அப்பா’ன்னு கத்தினேன்.”

“காதுல விழுந்துச்சா அவருக்கு?”

“விழுந்துச்சு. நின்னாரு. திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சாரு. போடான்னு கையைக் காட்டினாரு. அப்புறம் ரெண்டு முதுகும் பனிக்கு மேல சேந்து போச்சு.”

ஊரே கூடித் தேடியது. என் பனிவண்டி கிடைத்தது, பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. காற்று விட்டுவைத்த ஒரு துண்டு இடத்தில் தடங்கள் கிடைத்தன. ஒரு கோணல் காலின் தடம். பக்கத்திலேயே, கொஞ்சமும் பின்னால் இல்லாமல், அந்தப் பெரிய தடம். துரத்திய அடையாளம் இல்லை, இழுத்த அடையாளம் இல்லை, ரத்தம் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது என்றான் ஒரு கிழவன். பிறகு வெறும் பனி.

பையன் பல நாள் படுத்தே கிடந்தான். துலிமாக் என்று கூப்பிட்டால் திரும்பவே இல்லை. “வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு” என்றான். அதற்குள் குவியானா பெரியம்மா செத்துப்போய், அவள் பெயர் வீடு கிடைக்காமல் இருந்தது. அதை அவனுக்கு வைத்தோம். ஆண் பெயர், பெண் பெயர் என்று எங்களுக்குக் கிடையாது. ஆனாலும் அவ்வளவு பெரிய மீசைக்குக் குவியானா என்று பெயர் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? கர்ப்பமாக இருக்கிறவர்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி “பெரியம்மா, எப்போ வலி எடுக்கும்?” என்று கேட்கிறார்கள். அவன் சிரிக்கிறான், சாப்பிடுகிறான். பிழைத்துக்கொண்டான். இப்போது தண்ணீர் லாரி அவன் கையில்.

உவிலுக் அழவில்லை. டீ போடுவாள், ஆறவிடுவாள், மறுபடி போடுவாள். அவள் வீட்டுக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. நான் நிகழ்ச்சியில் இருந்தபோது தொலைபேசியில் வந்தாள். பின்னால் குழந்தை கத்துவது ஊர் முழுக்கக் கேட்டது.

“மியாலியக்கா, பெரியவரோட பேரை எங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க. பிள்ளை விடாம அழுவுது. அந்தப் பேருக்குத்தான் அழுவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பாவம், அது குளிர்ல நிக்குமே.”

நான் ஏதோ உளறிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் உவிலுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். காலில் வீட்டுச் செருப்புதான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நான் உவிலுக் பேசறேன். பிள்ளைக்காரி, உன் பிள்ளைக்குச் செத்துப்போன எங்கம்மா பேரைத் தர்றேன். நல்லாச் சிரிக்கறவங்க, உன்னையும் சிரிக்கவைப்பாங்க. என் வீட்டுக்காரர் பேரை யாரும் வெக்காதீங்க. குளிர்ல நிக்குதேன்னு பதறி ஒரு தடவை குடுத்துட்டேன். அவர் வந்து வாசல்ல நின்னப்போ, கூப்பிட என் வாயில அவருக்குன்னு ஒண்ணும் இல்ல. அவ்வளவு வருஷம் பக்கத்துலயே இருந்தாரு, நான் ஒரு தடவை கூப்பிடல. இப்போ அந்தப் பேர் அவர்கிட்ட இருக்கு. அவர் செத்தாருன்னு கண்ணால பாத்தவங்க யாராவது இருந்தா வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் அது அவரோடது.”

பிறகு மைக்குக்கு இன்னும் பக்கத்தில் போனாள். எங்கள் ரேடியோ ஊரைத் தாண்டி, முகாம் போட்டிருக்கிறவர்கள் இருக்கிற மேடுகள் வரைக்கும் எட்டும்.

“துலிமாக்” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். “துலிமாக். டீ போட்டு வெச்சிருக்கேன்.”

நான் மைக்கை மூடினேன். வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எனக்குப் பயம் தாங்கவில்லை, வாய்விட்டே கேட்டேன்: “அந்தப் பேரைக் கேட்டா அவர் மட்டுமா வருவாரு, உவிலுக்?”

“தெரியும்” என்றாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் வரட்டும். இல்ல, அது மட்டும் வந்தாலும் வரட்டும். அவரைக் கடைசியாப் பாத்தது அதுதானே, மியாலி. அவ்வளவு வருஷம் நான் கூப்பிடாத பேரை அது தினமும் கேட்டிருக்கு. அதுகிட்ட உக்காந்து பேசறதுக்கு எனக்கு நிறைய இருக்கு.”